பிக்கப்பில் கேட்ட மூச்சு

திருச்சி மேலப்புதூரில் ஜெசிந்தா என்ற பெண் கிடார், வயலின் பழுது பார்க்கும் பட்டறை நடத்திவந்தாள். எல்லோரும் அவளை டீச்சர் என்றார்கள். அவளிடம் வேலை கற்க வந்த சின்னப்பராஜ் அவளைவிட மிக மூத்தவர். பொன்மலை ரயில்வே பணிமனையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

ஒருநாள் மத்தியாஸ் என்ற பெரியவர் பழைய உகுலேலே ஒன்றைக் கொண்டுவந்தார். கிடாரின் சாயலில், நாலே தந்தி உள்ள சின்ன வாத்தியம்.

"இதுல பிக்கப் வெச்சுக் குடுங்கம்மா. ஸ்பீக்கர்ல சத்தமா வரணும்."

"கோயில் பாட்டுக்குங்களா ஐயா?"

அவர் காதருகே கையைக் குவித்தார். டீச்சர் குரலை உயர்த்தி மறுபடி கேட்டாள்.

"இல்லம்மா. வீட்டுலதான். எனக்குக் கேக்கணும்."

வேலை சின்னப்பராஜிடம் வந்தது. பிக்கப் என்பது தந்தியின் ஒலியைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் சின்னக் கருவி. இரும்புத் தந்தியைப் போல நைலான் தந்தி காந்தத்துக்குச் சிக்காது. அதன் அதிர்வைத்தான் பிடிக்க வேண்டும். தந்திகள் ஏறி நிற்கும் எலும்புத் துண்டுக்கு அடியில் பட்டையான பிக்கப்பை வைத்தார். வயரை உள்ளே இழுத்து, வாத்தியத்தின் அடியில் ஓட்டை போட்டு, ஸ்பீக்கர் வயரைச் செருகும் ஜாக்கைப் பொருத்தினார். ஸ்பீக்கரில் செருகித் தந்திகளை மீட்டினார். கணீரென்று வந்தது.

நாதம் அடங்கியது. அப்போது ஸ்பீக்கரில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

தன் மூச்சுதான் என்று நினைத்தார். வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு மறுபடி மீட்டினார். நாதம் தேய்ந்து மறைந்ததும் மூச்சு வந்தது. பாடப்போகிறவர் நெஞ்சு நிறைய இழுக்கும் மூச்சு. பாட்டு மட்டும் வரவில்லை.

மத்தியான நேரம். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. அவர் மின்விசிறியை நிறுத்தினார். வயரை மாற்றினார். ஸ்பீக்கரை மாற்றினார். மூச்சு மாறவில்லை.

டீச்சரை அழைத்தார். அவள் தலை சாய்த்துக் கேட்டாள்.

"இதை எப்படி நிறுத்துறது டீச்சர்?"

"நிறுத்தச் சொன்னது யாருண்ணே?"

அவ்வளவுதான். அவள் தன் வேலைக்குப் போய்விட்டாள்.

சின்னப்பராஜுக்கு அந்த வாத்தியத்தோடு ஒரே அறையில் உட்கார முடியவில்லை. மறுநாள் டீச்சர் சாமான் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தபோது, உகுலேலேயின் வயிற்றுக்குள் ஸ்பாஞ்சைத் திணித்தார். ஒரு துண்டு போதவில்லை. இடம் கொண்ட மட்டும் அடைத்தார். மீட்டிப் பார்த்தார். தந்தி ஒலித்தது. பிறகு ஒன்றுமில்லை. டீச்சர் வந்ததும் "முடிஞ்சிருச்சு" என்று மட்டும் சொன்னார்.

மத்தியாஸ் வந்தார். ஸ்பீக்கரை இழுத்துக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு வாசித்தார். ஏதோ தாலாட்டு போல இருந்தது. முதல் அடி முடிந்ததும் நிறுத்திக் காத்திருந்தார்.

மறுபடி முதல் அடி. மறுபடி காத்திருந்தார்.

"தம்பி, இந்த இடத்துல பிலோமினா மூச்செடுப்பா."

"யாருங்கய்யா?"

"என் வீட்டுக்காரி. நான் வாசிப்பேன், அவ பாடுவா. அவ போன பிறகும் இந்த இடம் வந்தா மூச்சு கேக்கும். இதுக்குள்ளேருந்துதான். வெளியில சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லல. இப்ப காது மந்தமாயிருச்சு. கேக்கல. அதுக்குத்தான் சத்தமாக்கச் சொன்னேன்." வாத்தியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போயிட்டாளா?"

டீச்சர் சின்னப்பராஜைப் பார்த்தாள். அவர் எழுந்து வந்து உகுலேலேயை வாங்கினார். தந்திகளைத் தளர்த்தி, துளைக்குள் விரல் விட்டு ஸ்பாஞ்சைப் பிய்த்துப் பிய்த்து எடுத்தார். சுருதி சேர்த்துக் கொடுத்தபோது சின்னப்பராஜால் மத்தியாஸின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பெரியவர் வாசித்தார். முதல் அடி முடிந்தது.

மூச்சு வந்தது. ஸ்பீக்கரின் மேல் கிடந்த தூசி சிலிர்த்தது. சின்னப்பராஜ் சுவரோடு ஒட்டிக்கொண்டார். மத்தியாஸ் உடம்பு நடுங்க, கண்ணை மூடி இரண்டாம் அடிக்குள் நுழைந்தார்.

"சத்தத்த இன்னும் கொஞ்சம் கூட்டு தம்பி" என்றார்.

சின்னப்பராஜ் கூட்டினார்.

மத்தியாஸ் போனபின் சின்னப்பராஜ் ஸ்பாஞ்சுத் துண்டுகளைப் பொறுக்கினார்.

"டீச்சர், அது அந்த அம்மாதானா? இல்ல, ஏதாவது பழுதா?"

"எனக்குத் தெரியாதுண்ணே."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இருந்துச்சு. உங்களுக்கும் இருந்துச்சு. அந்தப் பெரியவருக்கும்தான். உடம்பே நடுங்குச்சு, பாத்தீங்களா?" என்றாள் டீச்சர். "ஆனா அவர் கூட்டச் சொன்னார்."