கல்லறைச் சுவருக்கு வெளியே

தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு நாக்கு துறுதுறுக்கும். கடைசிவரை அதை அடக்கி வைத்துக்கொள்ளுங்கள். இது பரிசுக்குப் போட்டி போட்டவர்களின் கதையல்ல. ஒரே பாவத்தை மூன்று பேர் ‘என்னுடையது, என்னுடையது’ என்று இழுத்துக்கொண்ட கதை.

தென்கடல் ஓரத்தில், கோயில் மணி கேட்டு எழுந்து கடலுக்குப் போகும் மீனவர் ஊர் ஒன்று. அந்த ஊர்க் கயித்தானுக்கும் அவன் மனைவி வியாகுலத்துக்கும் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. சந்தோஷத்தில் கயித்தானுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தக் காலத்துத் திருச்சபைச் சட்டம் ஒன்றைத் தெரிந்துகொண்டால்தான் மீதிக் கதை விளங்கும். ஆதாம் செய்த பிழை, பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் சென்மப்பாவமாக இறங்குகிறது. ஞானஸ்நானத் தண்ணீர்தான் அதைக் கழுவும். தண்ணீர் படாமல் இறந்த பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. சுவருக்கு வெளியே, தாழம்புதர் ஓரத்து மணலில்தான் புதைப்பார்கள்.

"பிள்ளைக்குச் சீக்கிரம் தண்ணீர் ஊற்றிவிடுவோம்" என்றார் பங்குச் சாமியார். கயித்தான் தயங்கினான். அவனுடைய அண்ணன் சிலுவை, ஒரு வலைத் தகராறில் பேச்சை முறித்துக்கொண்டு வேறு கரைக்குப் போய்விட்டவன். பிள்ளை பிறந்த செய்தி கேட்டு மனமிளகி, "ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தும் ஞானத்தகப்பன் நான்தான், நான் வராமல் ஊற்றிவிடாதே" என்று சொல்லி அனுப்பியிருந்தான். கயித்தானும் வாக்குக் கொடுத்துவிட்டான். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது, அடங்கியதும் அண்ணன் வந்துவிடுவான்.

"கொஞ்சம் பொறுங்க சாமி. கூடப் பொறந்தவன் திரும்பி வாறான்" என்று கெஞ்சினான். அண்ணன் தம்பி சேர்வது நல்லதுதானே என்று சாமியாரும் விட்டுவிட்டார்.

கடல் அடங்கவில்லை. பிள்ளைக்கு ஜன்னி கண்டது. அன்று பார்த்துச் சாமியார், சாகக் கிடந்த ஒருவரைப் பார்க்கப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். மருத்துவச்சி தெக்கலம்மாள் ஓடி வந்தாள். ஆபத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். அவளும் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கொடுத்தவள். கொடுமை என்னவென்றால், தெக்கலம்மாள் ஊற்றிய பிள்ளை தங்காது என்று ஊர்ப் பெண்களிடையே ஒரு பேச்சு. அட, தங்காத பிள்ளைக்குத்தானே அவள் ஊற்றினாள்! அதை யார் யோசிக்கிறார்கள்? அவள் குவளையை எடுத்ததும் வியாகுலம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா. ஊத்துனா எம்புள்ள போயிரும். பாருங்க, கண்ணைத் தொறக்குது."

பிள்ளை கண்ணைத் திறக்கத்தான் செய்தது. பெற்றவள் முகத்தைப் பார்த்த தெக்கலம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. குவளையைக் கீழே வைத்துவிட்டாள். கதவோரம் நின்ற கயித்தானுக்கும் பிள்ளை பிழைத்துவிடும் என்றே பட்டது. அடுத்த இழுப்பில் அது அடங்கிவிட்டது. குவளையை மறுபடி எடுக்கக்கூட நேரம் இருக்கவில்லை.

சாமியார் வந்து சேர்ந்தபோது கயித்தான் பிள்ளையை ஏந்திக்கொண்டு கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றான். சாமியார் தெக்கலம்மாளைப் பார்த்து, "ஊற்றினாய்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்ற பதிலுக்கு அவர் ஏங்குவது குரலிலேயே தெரிந்தது. அந்த ஒரு சொல்லுக்குக் கதவு திறந்துவிடும். தெக்கலம்மாள் வாயெடுத்தாள். பொய்தான் சொல்லப்போகிறாள் என்று கயித்தானுக்குப் புரிந்துவிட்டது. பச்சைப் பிள்ளையைப் பொய் சொல்லியா ஆண்டவரிடம் அனுப்புவது என்று அவன் நெஞ்சு பதறியது. சுவருக்குள்ளே இடம் கிடைத்தால் போதும் என்று அதே நெஞ்சு அடித்துக்கொள்ளவும் செய்தது. எல்லாம் தெரிந்தே அவன் முந்திக்கொண்டான்.

"இல்ல சாமி. ஊத்தல."

சாமியார் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சட்டத்தை மீற அவருக்கு அதிகாரமில்லை. பிள்ளை தாழம்புதர் ஓரத்துக்குப் போயிற்று. அதற்குப் பிறகு வியாகுலம் புருஷனோடு பேசவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் மூவரும் தனித்தனியே, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார்கள். கையைப் பிடித்தது நான், பாவம் என்னுடையது என்றாள் வியாகுலம். பயத்தில் செய்தாய் மகளே, முழு மனதில்லாமல் செய்தது பாவமாகாது என்று சாமியார் அனுப்பிவிட்டார். தெக்கலம்மாளுக்கும் ஏறக்குறைய அதே பதில்தான். கடைசியாகக் கயித்தான் முழந்தாளிட்டான்.

"வாக்குக்காக நாள் கடத்துனேன். வாசல்ல இல்லன்னேன். ரெண்டும் என் பாவம் சாமி."

"நாள் கடத்தியபோது பிள்ளை சாகும் என்று உனக்குத் தெரியாது. தெரியாமல் செய்தது பாவமில்லை. உண்மை சொன்னது எந்தக் காலத்திலும் பாவமில்லை."

"அப்போ எம்புள்ளைக்கு மட்டும் என்ன தெரிஞ்சிருந்துது? அது ஏன் வெளிய கிடக்கு?"

சாமியார் அவனை ஆசீர்வதித்து மட்டும் அனுப்பிவைத்தார்.

இப்போது நாக்கை அவிழ்த்துவிடுங்கள். வாக்கைக் காப்பாற்ற நினைத்துப் பிறகு உண்மையைச் சொன்ன கயித்தானா, கையைப் பிடித்த வியாகுலமா, குவளையைக் கீழே வைத்த தெக்கலம்மாளா, சட்டத்துக்குக் கட்டுப்பட்ட சாமியாரா? அந்தப் பிள்ளையைச் சுவருக்கு வெளியே வைத்தது யார்?

விடை: ஆதாம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், அவன் மண்ணாகி எவ்வளவோ காலமாயிற்று. பெற்றவளைப் பயம் ஆட்டிவைத்தது. தெக்கலம்மாள் அவள்மேல் இரக்கப்பட்டுக் கெட்டாள். சாமியாரின் கை கட்டப்பட்ட கை. வாசலில் நின்ற அந்த நேரத்தில் கயித்தானை மட்டும் எதுவும் கட்டவில்லை. இரண்டு வழியும் திறந்திருந்தன, எது எங்கே கொண்டுபோய் விடும் என்றும் அவனுக்குத் தெரியும். ஆகவே வைத்தது அவன்தான். அவன் செய்தது சரியும்கூட. பாவமாக இருந்திருந்தால் மன்னிப்பு என்று ஒன்று கிடைத்திருக்கும். சரியானதைச் செய்தவனுக்கு எந்தச் சாமியார் மன்னிப்புக் கொடுப்பார்? பாவம் அந்த மனுஷன், சாகும்வரை ஒவ்வொரு தவக்காலத்திலும் வரிசையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.