களஞ்சியத்தில் இடமில்லாத தலைவர்

அந்தக் காலத்தில் செங்கழுநீர் நாடு என்றொரு நாடு இருந்தது. கோலவர்மன் என்றொரு ராஜா அதை ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஓர் ஆசை, மாலையில் ஓர் ஆசை. நாட்டில் வாழ்ந்து மறைந்த பெரியோரையெல்லாம் பற்றி ஒரு களஞ்சியம் எழுதியே தீரவேண்டும் என்று ஒருநாள் பிடிவாதம் பிடித்தான். பொறுப்பு வித்வான் கீர்த்திவாசரிடம் போனது. அவருக்கோ அமைச்சர் நல்லசிவத்தைக் கண்டாலே வயிறு எரியும்.

சபையில் ஏட்டைப் பிரித்த வித்வான் வாய்விட்டுச் சிரித்தார். "அரசே, அமைச்சர் யாரைச் சேர்க்கச் சொல்கிறார் பாருங்கள். நாணற்பேட்டை நகரத்தலைவர் காளத்தியப்பராம்! ஒரு போர் உண்டா, ஒரு காவியம் உண்டா? இவரைச் சேர்த்தால் நாளைக்குச் சந்தை மேஸ்திரியும் வந்து வரிசையில் நிற்பான்."

"அவ்வூர் ஏரிக்கரை உடைந்த அன்று, ஊர் மேடேறித் தப்பும்வரை உடைப்பில் முதுகு கொடுத்து நின்றவர், அரசே," என்றார் நல்லசிவம். "உடல் கிடைக்கவே இல்லை. இன்றும் மழைக்காலத்தில் கரையைக் கடப்பவர்கள், 'தலைவரே, நிக்கிறீங்களா?' என்று கேட்டுவிட்டுத்தான் கடக்கிறார்கள்."

"பதில் வருமாக்கும்?" என்றார் வித்வான். சபை குலுங்கியது.

ராஜாவுக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. "அமைச்சரே, காளத்தியப்பர் பெரியவர்தான் என்று வித்வான் வாயாலேயே சொல்லவையும். முடியாவிட்டால் உமது முத்திரை மோதிரம், பதவியோடு சேர்த்து, வித்வான் விரலுக்குப் போகும்."

வித்வான் கையில் நாடு என்ன பாடுபடும் என்று நல்லசிவம் கவலைப்பட்டார். முகத்தில் காட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "அப்படியே, அரசே. ஆனால் நாணற்பேட்டைக்காரர்கள் அவருக்குப் பிறகு வேறு தலைவர் வைத்துக்கொள்ளவே இல்லை. அவர் ஒன்றுமில்லை என்றால் அது பதவிநீக்கம். நீக்கச் சொன்னவரே நேரில் போய் ஆணையை வாசிப்பதுதானே நம் வழக்கம்? வித்வான் ஏரிக்கரையில் நின்று வாசிக்கட்டும்."

"பாட்டாகவே பாடுகிறேன்!" என்று வித்வான் மீசையை முறுக்கினார்.

நல்லசிவத்துக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அவ்வூர்ப் பரிசல்காரன் சடையனை ரகசியமாகக் கூப்பிட்டு, "கரைக்கு அடியில் இருக்கும் மதகு அறைக்குள் இறங்கி உட்கார். வித்வான் வாசித்ததும் 'நிக்கிறேன்' என்று ஒரே ஒரு சொல். அதற்குமேல் வாயைத் திறக்காதே," என்று சொல்லிவைத்தார்.

குறித்த நாளில் பொழுது சாய்கிற நேரம் ராஜாவும் சபையாரும் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அடைமழையில் ஏரி கரையோடு கரையாகத் தளும்பிக்கொண்டிருந்தது. எதிரே நாணற்பேட்டையே மூட்டை முடிச்சோடு மேட்டுப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. அழுகை இல்லை, பேச்சு இல்லை. இடுப்பில் இருந்த குழந்தைகள்கூட வாய்திறக்கவில்லை.

ராஜா ஒருத்தியை நிறுத்தினான். "எங்கே அம்மா போகிறீர்கள்?"

"தலைவரைப் போகச் சொல்றாங்களாமே, சாமி. அவர் போனப்புறம் இங்க எப்படி இருக்கிறது?" என்றாள் அவள், நிற்காமலே.

ராஜாவின் முகம் வெளுத்தது. வித்வான் மட்டும் ஓலையை விரித்தார். கரைக்குக் கீழே, ராஜா அவருக்கு மானியமாகக் கொடுத்த வயல் பச்சைப்பசேலென்று கிடந்தது.

"காளத்தியப்பா! இன்று முதல் நீ தலைவன் அல்ல. நீ..."

கரையில் சளப்சளப்பென்று அடித்துக்கொண்டிருந்த அலை நின்றது. காலடியில், மண்ணுக்குள்ளிருந்து, தொண்டை நிறையத் தண்ணீரோடு ஒரு குரல் மெதுவாகக் கேட்டது.

"போகட்டுமா?"

வித்வானின் காலருகே ஒரு மண்கட்டி பெயர்ந்து வயல்பக்கம் உருண்டது. நல்லசிவமே திடுக்கிட்டார். ஒரு சொல் சொல்லச் சொன்னால் இந்தச் சடையன் வேறென்னவோ உளறுகிறானே!

ஓலை நழுவ, வித்வான் சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "ஐயோ, வேண்டாம்! பெரியவரே, போயிடாதீங்க! நில்லுங்க ஐயா, நில்லுங்க!"

அலை பழையபடி அடிக்கத் தொடங்கியது.

"என்ன வித்வானே, பதில் வந்ததா?" என்று ராஜா கேட்டான். செருப்பைக் கழற்றிவிட்டு ஏரியைக் கும்பிட்டான். "களஞ்சியத்தின் முதல் ஏடு இவருக்கு. உம் கையாலேயே எழுதும். இறந்தார் என்று மட்டும் எழுதிவிடாதீர்." பிறகு தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான்.

எல்லாரும் திரும்பினார்கள். கடைசியாக வந்த நல்லசிவத்தின் முன்னால், மேட்டுப்பாதையில் சடையன் கைகட்டி நின்றான்.

"ஏனப்பா, 'போகட்டுமா' என்று கேட்கச் சொன்னது யார்?"

சடையன் விழித்தான். "நான் எங்க சாமி கேட்டேன்? மத்தியானமே மதகு அறை தண்ணிக்குள்ள முழுகிப்போச்சு. இறங்க வழியே இல்ல. அதைச் சொல்லத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

நல்லசிவம் மதகுப்பக்கம் திரும்பிப் பார்த்தார். கழுத்து மாலையை அவரால் தாங்கமுடியவில்லை. தனியாகக் கரைக்குத் திரும்பி நடந்தார். மாலையைக் கழற்றி, மதகு இருந்த இடத்தில் தண்ணீருக்குள் மெல்ல விட்டார்.

"தலைவரே, நிக்கிறீங்களா?" என்று கேட்டார். கேட்டவர், பதில் வருமுன் காதைப் பொத்திக்கொண்டு நடையைக் கட்டினார்.