பகலில் மெலியும் ஓடை

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் ஒரு திருட்டு உண்டு. சந்தேகப்படுவதற்கு ஆளும் தாராளமாக உண்டு.

தருமபுரிப் பக்கத்தில் ஓநாய்க்கரடு என்றொரு வறண்ட மலை. பெய்கிற மழையில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்குகிறது, எவ்வளவு ஓடிப்போகிறது என்று ஆராய்வதற்காக அதன் சரிவுகளை வேலியிட்டு ஆராய்ச்சிக் காடாக வைத்திருந்தார்கள். உள்ளே அடுத்தடுத்து இரண்டு ஓடைகள். கிழக்கு ஓடையின் கரைகளில் நீர்மருதும் புங்கனும் நெருங்கி நின்றன. மேற்கு ஓடையின் சரிவை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே மரம் வெட்டி மொட்டையாக விட்டிருந்தார்கள். காட்டை விட்டு வெளியேறும் இடத்தில் ஒவ்வோர் ஓடைக்கும் ஒரு சிமெண்டுத் தொட்டி, அதில் நீர்மட்டம் காட்டும் அளவுகோல்.

கோடையில் அடிவாரத்து ஊர் குடிப்பது கிழக்கு ஓடைத் தண்ணீரைத்தான். அந்தப் பங்குனியில் ஒரு வினோதம் நடந்தது. காலையில் நன்றாக ஓடும் நீர், உச்சி வெயில் சாய்வதற்குள் மெலிந்துவிடும். சாயங்காலம் குடத்தோடு வந்த பெண்கள் நூலாக ஒழுகும் நீரைப் பார்த்து வாயில் வந்தபடி திட்டினார்கள். மறுநாள் விடிந்தால் ஓடை பழையபடி ஓடும்.

"பகல்ல எவனோ மேல தண்ணிய மடக்கறான்" என்றார் ஊர்த்தலைவர் வேடியப்பன்.

காட்டுக் காவலர் வேலிக் கதவைத் திறந்துவிட, ஊர் ஆட்கள் காவலுக்குப் போனார்கள். கரையோர மரங்களில் சாய்ந்தபடி பகல் முழுக்கக் காத்திருந்தார்கள். ஒருவரும் வரவில்லை, குழாய் இல்லை, காலடித் தடமும் இல்லை. ஆனாலும் அவர்கள் கண்ணெதிரிலேயே நீர் இறங்கியது. 'நாம் வருவது தெரிந்து திருடன் ஒளிந்துகொண்டான்' என்றார்கள். வானம் மூட்டம் போட்ட நாட்களில் நீர் அவ்வளவாகக் குறையவில்லை. 'வெயில் இல்லாத நாளில் திருடனுக்கு அவசரமில்லை' என்றார்கள். மேற்கு ஓடையில் இந்தத் தொல்லையே இல்லை. 'அங்கே ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூடக் கிடையாதே' என்றார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சும்மாவா?

கடைசியில் மூன்று பேர் மேல் விரல் நீண்டது. வேலியை ஒட்டித் தக்காளித் தோட்டமும் மோட்டாரும் வைத்திருந்த சென்னகேசவன் ஒருவர். ஆனால் அந்தப் பக்கம் மோட்டார் ஓட்டும் மும்முனை மின்சாரம் இரவில்தான் வரும். அடுத்தவர் நஞ்சம்மாள். வெயிலோ மூட்டமோ, ஒரு நாள் தவறாமல் வேலியோரம் ஆடு மேய்ப்பவர். மூன்றாவது காட்டின் காவலர் மாதையன். தினக்கூலி ஆள். வேலிக்குள் போகச் சாவி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் அதிகச் சந்தேகம் அவர் மேல். காட்டுக்குப் புதிதாக வந்த பொறுப்பாளரும், "ஊர் சொல்றபடி செய்யுங்க. திருடன்னு ஆகிட்டா அந்தாளுக்கு இங்க வேலை இல்ல" என்று கையைக் கழுவிக்கொண்டார்.

முனியப்பன் கோயிலில் சூடம் ஏற்றினார்கள். "ஓடைத் தண்ணியில ஒரு சொட்டுகூட நான் எடுத்ததில்ல" என்று சொல்லிச் சூடத்தைக் கையால் அணைக்க வேண்டும். அதுதான் ஊர் வழக்கம்.

சென்னகேசவன் அணைத்தார். நஞ்சம்மாளும் அணைத்தார்.

மாதையன் கையை நீட்டி, பிறகு இழுத்துக்கொண்டார். "ஒரு சொட்டுகூடன்னு என்னால சொல்ல முடியாதுங்க. ரோந்து போறப்ப தாகம் எடுத்தா ரெண்டு கை அள்ளிக் குடிச்சிருக்கேன்."

"பாத்தீங்களா, அவன் வாயாலயே வந்திருச்சு!" என்று கூட்டம் கத்தியது. அன்றைக்கே வேலிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டார்கள்.

மாதையன் போன பிறகும் ஓடை தினமும் பகலில் மெலிந்தது, இரவில் தேறியது.

நடந்ததெல்லாம் உங்களிடம் சொல்லிவிட்டேன், எதையும் ஒளிக்கவில்லை. இனி நீங்கள் சொல்லுங்கள்: பகலில் அந்த ஓடையைக் குடித்தது யார்?

விடை: கரையோர மரங்கள். காவலுக்குப் போனவர்கள் திருடன் மேலேயே சாய்ந்துகொண்டு திருடனைத் தேடியிருக்கிறார்கள். வெயில் ஏற ஏற மரங்கள் வேரால் நீரை உறிஞ்சி இலை வழியாக ஆவியாக விடும். மூட்டத்தில் அந்த வேலை குறையும், இரவில் அநேகமாக நின்றுபோகும், ஓடை தேறிவிடும். மொட்டைச் சரிவில் குடிக்க மரமே இல்லை. விஷயம் தெரிந்த ஓர் அம்மையார் ஆய்வுக்கு வந்தபோது இதை விளக்கினார். வேடியப்பன் மாதையன் வீட்டுக்கே போய், "தண்ணியக் குடிச்சது மரந்தானாம்பா, நீ வேலைக்கு வா" என்று கூப்பிட்டார். "மரம்னு சொல்ல அந்தம்மா வர வேண்டியிருந்துச்சு. மாதையன்னு சொல்ல மட்டும் உங்களுக்கு யாருமே வர வேண்டியிருக்கலீங்களே" என்றார் மாதையன். அவர் வேலைக்குத் திரும்பவில்லை.