ஆலாத்திட்டில் பதிந்த கால்

மன்னார்க் கடலுக்குள் ஐந்து மணி நேரம் படகோட்டினால் பவளப்பாறைகளுக்கு நடுவே ஒரு மணல்திட்டு. மரம் கிடையாது, தண்ணீர் கிடையாது, நிழல் என்ற பேச்சே கிடையாது. ஆலாப் பறவைகள் மட்டும் அங்கே மணலைக் கீறி முட்டையிடும். ஆலா பாய்கிற இடத்தில்தான் மீன் என்று வலையெடுத்துப் போகிற ஊர் பூவந்துறை.

எட்டு வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு படகிலிருந்து இறங்கிய எலிகள் முட்டைகளைத் தின்று தீர்த்தன. ஆலாக்கள் திட்டைக் கைகழுவிவிட்டன. எலிகளை ஒழிக்க ஊருக்கு ஐந்து வருடம் பிடித்தது. இந்த வருடம்தான் நாற்பத்தொரு ஜோடி திரும்பி வந்தது. உடனே மாதா கோயிலில் ஊரே சத்தியம் செய்தது: குஞ்சுகள் பறக்கும்வரை திட்டில் யாரும் கால் வைப்பதில்லை. ஆளைக் கண்டால் பறவை எழும்பிவிடும், உச்சிவெயிலில் முட்டை வெந்துவிடும். ஆலாக்களைக் காப்பதில் முந்தி நிற்பவருக்கு அந்தப் பக்கத்தில் முதல் வலை போடும் உரிமை என்றும் முடிவாயிற்று.

காவலுக்குப் போனவள் செலஸ்டினா. நங்கூரமிட்ட படகில் பதினெட்டு நாள் உட்கார்ந்து, எந்தப் பறவை எங்கே அடைகாக்கிறது என்று மனப்பாடமே செய்துவிட்டாள். அவளுக்குச் சோறும் தண்ணீரும் கொண்டுவந்தவர்கள் பெரியவர் தொம்மையும் இளையவன் கஸ்பாரும்.

ஒரு நண்பகலில் தொம்மையிடம் தண்ணீர்க்குடத்தை வாங்கிக்கொண்டிருந்தாள். வெயிலில் வாய் பிளந்து கிடந்த பறவைகளைக் காணப் பொறுக்காத கஸ்பார், நிழலுக்கென்று ஊரிலிருந்தே எடுத்துவந்த தென்னங்கீற்றுக் கட்டோடு நைசாகத் திட்டில் ஏறிவிட்டான். ஆலாக்கள் எழும்பிக் கத்தின. கட்டை இறக்கினால் உள்ளே ஒரு வால் நெளிந்து மறைந்தது. இனியும் நின்றால் முட்டை வேகுமே என்று கட்டை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

“கெடுத்துட்டேன்க்கா. கட்டுக்குள்ள எலி.”

எலியை அவன் மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது. செலஸ்டினாவுக்கு அவனை வையத் தோன்றவில்லை.

“வெயில் தாழட்டும். எலி பகல்ல வெளிய வராது. ஆனா இருட்டுறதுக்குள்ள எடுத்துரணும், மாமா.”

“தலை போனாலும் இறங்க மாட்டேன். மாதாவுக்குக் கொடுத்த சொல்லு,” என்றார் தொம்மை. “என் வலை வேணும்னா எடுத்துக்க.”

சத்தியத்தைக் காக்க வந்தவளே மீறுவதா? மாலைவரை அது அவளை அரித்தது. வெயில் தணிந்ததும் தனியாக இறங்கினாள். ஆலாக்கள் அவள் தலையைக் கொத்தின. முட்டை ஒன்றையும் மிதிக்காமல் போய், கட்டை அப்படியே வலையால் சுருட்டித் தூக்கிவந்து கடலில் அமுக்கினாள். உள்ளே இருந்தது சினை எலி.

நாற்பத்தொரு கூட்டிலும் குஞ்சு பொரிந்தது. குஞ்சுகள் பறந்ததும் ஊர் கூடியது.

“அங்க போன மூணு பேர்ல சத்தியம் காத்தது நான் ஒருத்தன்தான்,” என்றார் தொம்மை.

“கஸ்பார் மறைச்சிருந்தா திட்டே காலி,” என்றது ஒரு குரல்.

“நானும் கால் வச்சவதான். என் பேரை எடுத்துருங்க,” என்றாள் செலஸ்டினா.

நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தால், முதல் வலையை யாருக்குக் கொடுப்பீர்கள்?

விடை: செலஸ்டினாவுக்குத்தான். சத்தியம் செய்தது ஆலாவுக்காக, மணலுக்காக அல்ல. பொறுக்க வேண்டிய நேரத்தில் பொறுத்து, இறங்க வேண்டிய நேரத்தில் இறங்கியவள் அவள். ஊரும் அப்படியே தீர்ப்புச் சொன்னது. ஆனால் ஒற்றை ஆளாக வலை வளைக்க முடியுமா? தொம்மையின் வலையையும் தொம்மையையும் படகில் ஏற்றிக்கொண்டாள். கஸ்பாரைத் துடுப்புப் போடச் சொன்னாள். எங்கே போடுவதென்று மூவரும் விழித்துக்கொண்டிருந்தபோது, இந்த வருடம் பொரிந்த இளம் ஆலா ஒன்று தலைக்கு மேலிருந்து தண்ணீருக்குள் பாய்ந்தது.

“அங்கன போடுங்க, மாமா,” என்றாள்.