கையில் இருந்த கல்

முன்னொரு யுகத்தில் தேவர்களுக்கு மனிதர்கள்மேல் கோபம் வந்து, கிரேக்க தேசத்தையே வெள்ளத்தில் மூழ்கடித்துவிட்டார்கள். தண்ணீர் வடிந்தபோது மிச்சமிருந்தது ஒரு மலை. அதன்மேல் டியூகாலியன் என்ற கணவன், பிர்ரா என்ற மனைவி, பிறகு கற்கள், கற்கள், கற்கள்தான்.

அந்தக் கற்களில் ஒரு கருங்கல்லும் ஒரு வெள்ளைக்கல்லும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. மலை உண்டான காலத்திலிருந்தே அப்படித்தான். வெள்ளைக்கல் சரியான வாயாடி. கருங்கல்லுக்கு அதைக் கேட்டுக்கொண்டு கிடப்பதே சுகம்.

"அடியே கருப்பி, அந்த ரெண்டு பேரும் முக்காடு போட்டுக்கிட்டு என்ன பண்றாங்க பாரு!"

"நம்ம ஆளுங்களை எடுத்து முதுகுக்குப் பின்னால வீசுறாங்க."

"புத்தி கெட்டுப்போச்சா?"

புத்தியெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு தேவி அவர்களுக்கு வழி சொல்லியிருந்தாள். மண்தான் எல்லோருக்கும் தாய், கற்கள் அவள் எலும்புகள். அவற்றைத் தோளுக்கு மேலாகப் பின்னால் எறிந்தால் மறுபடியும் மனிதர்கள் எழுவார்கள். அவன் எறிவது ஆண், அவள் எறிவது பெண். திரும்பி மட்டும் பார்க்கக் கூடாது. பார்த்தால் அத்தோடு சரி, பிறகு கல் கல்தான்.

பனிமூட்டத்துக்குள் கற்கள் போய் விழுந்தன. விழுந்தவை பிசைந்த மாவுபோல் மெல்ல இளகின. ஈரமாயிருந்த பக்கம் சதையாயிற்று, கெட்டியாயிருந்தது எலும்பாகவே தங்கிவிட்டது. எழுந்தவர்கள் தூக்கம் கலையாத முகத்தோடு, வாய் திறக்காமல், பனிக்குள் நின்றார்கள்.

"எனக்குப் பயமா இருக்குடி," என்றது வெள்ளைக்கல். "நீ இல்லாம நான் போக மாட்டேன்."

"நீ முன்னால போ. நான் பின்னாலயே வந்துடுறேன்."

பிர்ராவின் கை வந்தது. வெள்ளைக்கல்லைத் தூக்கியது. கருங்கல்லின் ஒரு பக்கம் திடீரென்று குளிர்ந்துபோயிற்று. அந்தப் பக்கத்தில் அதுவரை காற்றே பட்டதில்லை.

பாவம், களைத்துப் போயிருந்தாள் பிர்ரா. சற்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மறுபடி குனிந்தாள். அவள் விரல்கள் கருங்கல்லைச் சுற்றி மூடின. கருங்கல்லுக்கு உள்ளெல்லாம் சிலிர்த்தது. 'இதோ வந்துட்டேன்டி' என்று நினைத்துக்கொண்டது.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"அம்மா! அந்தக் கருப்பியையும் எடுங்கம்மா! விட்டுடாதீங்க!"

பெண்ணாக எழுந்த பிறகும் வாயாடி வாயாடிதானே.

பிர்ராவின் மகளை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அதற்குப் பிறகு யாரும் அவளை அம்மா என்று கூப்பிடவில்லை. அவளுக்குத் தேவி மறந்துபோனாள், முக்காடு மறந்துபோயிற்று, கையில் இருந்த கல்லும் மறந்துபோயிற்று. திரும்பிப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ, என்ன காரியம் செஞ்சுட்டே!" என்று டியூகாலியன் கத்தினான். தன் கையிலிருந்ததை அவசரமாக எறிந்தான். அது உருண்டு போய்க் கல்லாகவே நின்றது. பிர்ரா கண்ணை இறுக மூடிக்கொண்டு கருங்கல்லைப் பின்னால் எறிந்தாள். அது டொக்கென்று விழுந்தது. அவ்வளவுதான்.

புதுக்கால்களோடு தடுமாறி, விழுந்து எழுந்து அந்தப் பெண் ஓடிவந்தாள். கருங்கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் மடி வெதுவெதுப்பாக இருந்தது. இவ்வளவு இதமான இடம் உலகத்தில் உண்டென்று கருங்கல்லுக்கு அன்றுதான் தெரிந்தது.

"நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நீயும் வந்திருப்பே, இல்ல?" அவள் தேம்பினாள். "என்மேல கோபமாடி?"

"இல்லடி," என்றது கருங்கல்.

"ஒரு வார்த்தை பேசேன். திட்டவாவது செய்யேன்."

"இல்லடி, இல்லடி," என்று தன் பலமெல்லாம் கூட்டிச் சொன்னது கருங்கல்.

அவள் அதைக் காதோடு வைத்துக் கேட்டுப் பார்த்தாள். பிறகு, "அவளுக்கு என்மேல கோபம்," என்று பிர்ராவிடம் சொல்லி அழுதாள்.