கதவோடு போன பூனை

ஓணாங்குளத்தில் ஆவுடையப்பன், மாசானம், இசக்கி என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். அவர்களுடைய நேர்மையைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு கிடையாது. அறிவைப் பற்றிப் பேச்சே கிடையாது.

ஒருதரம் பஸ் நிறுத்தத்தில் யாரோ விட்டுப்போன குடை அவர்கள் கையில் கிடைத்தது. குடைக்காரர் வரும்வரை மூன்று நாள் அங்கேயே நின்றார்கள். நடுவில் கொட்டோ கொட்டென்று மழை. அடுத்தவர் குடை என்பதால் விரிக்காமல் நனைந்தார்கள்.

அதனால்தான் பகவதி டீச்சர் அவர்களைத் தேடி வந்தாள். மகளுக்குப் பிரசவம், கோயம்புத்தூர் போகவேண்டும், பத்து நாள் ஆகும். வீட்டில் டீச்சரும் சுக்கு என்கிற பூனையும்தான். பூனையை யாரிடம் விடுவது? பக்கத்து வீட்டில் நாய். எதிர்வீட்டில் மீன் தொட்டி.

"சுக்குவைக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிடுங்க. கதவுக்கு அந்தப் பக்கம் மட்டும் விட்டுராதீங்க. அது போச்சுன்னா நான் உசுரோட இருக்கமாட்டேன்" என்றாள் டீச்சர். பஸ் ஏறும்போது அவள் கண் கலங்கியிருந்தது.

பஸ் புழுதி அடங்கியதும் மூவரும் டீச்சர் வீட்டுக்குள் வந்து பூனையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, கண்ணுக்குள்ள வைக்கணும்னாங்களே" என்றான் இசக்கி.

மாசானம் நூல் கொண்டுவந்து பூனையை அளந்தான். அண்ணனின் கண்ணையும் அளந்தான். "வால் மட்டும் நுழையும்போல இருக்கு."

ஆவுடையப்பன் நெடுநேரம் யோசித்தான். "லே, அது கண்ணுல தெரிஞ்சுக்கிட்டே இருந்தா கண்ணுக்குள்ள இருக்குன்னுதான அர்த்தம்? நாம பாத்துக்கிட்டே இருப்போம். ஒருத்தன் இமைக்கும்போது மத்த ரெண்டு பேரும் இமைக்கக்கூடாது."

மத்தியானம்வரை அப்படியே முறைவைத்து இமைத்தார்கள். சுக்கு தூங்கியது. அதைப் பார்த்து இவர்களுக்கும் தூக்கம் வந்தது. தூக்கம் போக, மாசானம் மிளகுப் பொடி கொண்டுவந்தான். மூவரும் ஆளுக்கொரு சிட்டிகை முகர்ந்தார்கள். தூக்கம் உடனே போயிற்று. மூவரும் ஒன்றாகத் தும்மினார்கள். கண்ணைத் திறந்தபோது ஜன்னலில் வால்நுனி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

இசக்கி அழுதுவிட்டான். "டீச்சர் உசுரோட இருக்கமாட்டேன்னாங்களே!"

"அழாதல. கதவு வழியாவா போச்சு? ஜன்னல் வழியாதான?" என்றான் மாசானம்.

"எப்படிப் போனா என்ன, இப்ப கதவுக்கு அந்தப் பக்கம்தான இருக்கு?" என்றான் ஆவுடையப்பன்.

வெளியே ஓடிப் பார்த்தார்கள். சுக்கு கடைத்தெருவில், மீன்காரி கூடைக்கு எதிரே சுகமாக உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டார்கள். வரவில்லை. கெஞ்சினார்கள். கொட்டாவி விட்டது.

"பூனை கதவுக்கு இந்தப் பக்கம் வரமாட்டேங்குது. அப்ப கதவைத்தான் அந்தப் பக்கம் கொண்டுபோகணும்" என்றான் ஆவுடையப்பன். தம்பிகள் இருவரும் அண்ணனைப் பெருமையோடு பார்த்தார்கள்.

வாசல் கதவை நிலையோடு பெயர்த்தெடுத்து மூத்தவர்கள் இருவரும் தலையில் சுமந்துபோனார்கள். பூனையைத் தாண்டிப்போய், தாழ்ப்பாள் இருக்கிற உள்பக்கம் பூனையைப் பார்க்கும்படி தெருவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார்கள். பூனை இப்போது வீட்டுக்குள் இருந்தது. மீன்காரியும்தான்.

வீட்டுக்கு இப்போது கதவு இல்லையே? அதற்காக இசக்கி வாசலில் கதவாக நின்றான். பால்காரி செல்லக்கனி வந்து அவன் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினாள். இசக்கி "கிரீச்..." என்று கத்திக்கொண்டே ஒற்றைக் காலில் திரும்பி வழிவிட்டான்.

"ஏன்ல கத்துத?"

"பழைய கதவு கத்துமே அக்கா."

மறுநாள் செல்லக்கனி அவன் முழங்காலில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். அதிலிருந்து அவன் கத்தவில்லை.

ஒன்பது நாள் சுக்கு ஊர் சுற்றியது. கதவும் கூடவே சுற்றியது. பூனை டீக்கடைக்குப் போனால் டீக்கடை வீட்டுக்குள் வந்தது. கோயில் வாசலுக்குப் போனால் சாமியே வீட்டுக்குள் வந்தார். தோள்பட்டை வீங்கியும் அண்ணன் தம்பிகள் கதவைக் கீழே போடவில்லை.

பத்தாம் நாள் பூனை நடுரோட்டில் படுத்துக்கொண்டது. கதவு குறுக்கே நின்றது. டவுன் பஸ் வந்து பிரேக் போட்டது. அதிலிருந்து பேத்தியைப் பார்த்த சந்தோஷத்தோடு இறங்கிய பகவதி டீச்சர், தன் வீட்டுக் கதவைத் தெருவில் கண்டாள். கதவுக்கு அடியில் சுக்குவின் வால் தெரிந்தது.

"என் தங்கமே!" என்று கதவைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

"ஐயையோ டீச்சர்!" என்று அலறினான் மாசானம். "வாசல் இருக்கும்போது சுவர் ஏறிக் குதிக்கலாமா? படிச்சவங்க நீங்க!"

ஆவுடையப்பனும் தலையில் அடித்துக்கொண்டான். பஸ் ஜன்னல்களில் தலைகள் நீண்டன. அத்தனை பேர் பார்க்க, டீச்சருக்கே தான் செய்தது தப்போ என்று வெட்கமாகிவிட்டது. திரும்பி வந்து கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தான்ல, பகவதி!"

"டீச்சர் ஊர்ல இல்லையே. கோயம்புத்தூர் போயிருக்காங்க."

"போனவதான் வந்திருக்கேன். தொறல!"

உள்ளே கொஞ்சநேரம் குசுகுசுவென்று ஆலோசனை நடந்தது. பிறகு தாழ்ப்பாள் விலகியது. "செருப்பைக் கழட்டிட்டு வாங்க டீச்சர்" என்றான் ஆவுடையப்பன்.

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொதிக்கிற தார் ரோட்டில் வலதுகாலை எடுத்துவைத்து உள்ளே போனாள். சுக்குவை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விம்மினாள். பூனை முன்னைக்கு இரண்டு மடங்கு கனத்தது.

அதைப் பார்க்க பஸ்ஸிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி, வாசலில் செருப்பை வரிசையாக விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். கண்டக்டர் வந்தார். கடைசியாக டிரைவர் வந்தார். வெளியே வெயில் ரொம்ப இருக்கிறதென்று சொல்லிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.