கீழ்ச்சட்டத்தில் மூன்று ஓட்டை

ஓர் ஊரில் தங்கபுஷ்பம் என்ற தையற்காரியின் வீட்டுக்குப் புதிதாக ஒரு வெள்ளை ஜன்னல் வந்து சேர்ந்தது. முன்பிருந்த மரஜன்னல் உப்பிப்போய், மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் நின்றதில், போன ஐப்பசி மழைக்கு ஒரு கல்யாண வீட்டுப் பட்டு ரவிக்கைகள் நனைந்து சாயம் இறங்கிவிட்டன. தையல் மேசையை நகர்த்த வீட்டில் வேறு இடம் கிடையாது. இன்னொரு முறை அப்படி நடந்தால் யாரும் அவளிடம் துணி கொடுக்கமாட்டார்கள்.

புது ஜன்னலுக்குத் தன்னைப் பற்றி ரொம்ப நல்ல அபிப்பிராயம். கடையில் இருபது ஜன்னல்களுக்கு நடுவே தன்னைத் தேர்ந்தெடுத்தது தன் பளபளப்புக்காகத்தான் என்று நம்பியது. ஒரே ஒரு குறை, கீழ்ச்சட்டத்தில் வரிசையாக மூன்று ஓட்டைகள். நல்லவேளையாக, வண்டியில் கீறல் விழாமலிருக்கக் கடைக்காரர் வெளிப்பக்கச் சட்டம் முழுக்க ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாள் அவற்றை மூடியிருந்தது.

அந்தத் தாளை உரிக்க அவள் கணவர் சற்குணம் விடவில்லை. அவர் வீட்டு டிவி ரிமோட்டே ஆறு வருடமாகப் பாலித்தீன் உறைக்குள்தான் இருந்தது. புதுசு என்று நாலு பேருக்குத் தெரியட்டுமே என்றார்.

கண்ணாடியின் ஓரத்தில் இருந்த ரப்பர் மட்டும், மழை வந்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று முணுமுணுத்தது.

"என்னைத் தாண்டித் தண்ணீர் வருமா?" என்றது ஜன்னல்.

"நான் இருக்கிற வரைக்கும்தான் நீ புதுசு," என்றது தாள். "நான் போய்விட்டால் உன்னை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?"

ஜன்னலுக்கு அது நியாயமாகவே பட்டது.

மழை வந்தது, அதுவும் சாய்ந்து அடிக்கிற மழை. கண்ணாடியில் வழிந்த தண்ணீர் கீழ்ச்சட்டத்துக்குள் இறங்கி, போக வழியில்லாமல் நிரம்பியது. தண்ணீரைத் தடுக்க வந்த தான் தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது ஜன்னலுக்குப் புரிந்தது. வெட்கத்தில் வியர்க்கலாமென்றால் ஏற்கெனவே முழுக்க நனைந்திருந்தது. விளிம்பைத் தாண்டிய முதல் சொட்டு, மறுநாள் கொடுக்கவேண்டிய அரக்குப் பட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது.

தங்கபுஷ்பம் துணியை வாரி எடுத்துக் கட்டிலில் போட்டாள். கண்ணாடிக் கதவைத் தள்ளி, கையை வெளியே விட்டு, கத்தரிக்கோல் முனையால் தாளைக் கிளப்பி உரித்தாள்.

"கடையில ஒரு சொம்புத் தண்ணிய ஊத்திப் பாத்துத்தானே இத எடுத்தேன்," என்றாள் கணவரிடம். "மத்ததுல எல்லாம் தண்ணி அப்படியே நின்னுச்சு. இந்த மூணு ஓட்டைக்காகத்தான் இது நம்ம வீட்டுக்கே வந்துச்சு. அதப் போயி மூடி வச்சிருக்கீங்க."

சற்குணம் தரையைத் துடைத்தார்.

ஜன்னலுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ரப்பரிடம் அளந்ததையெல்லாம் நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டது. அது சிரிக்கச் சிரிக்க மூன்று ஓட்டைகளிலும் தண்ணீர் குபுகுபுவென்று வெளியே போனது.

மேல் மூலையில், கை எட்டாத இடத்தில், ஒரு துண்டுத் தாள் மட்டும் மிச்சம். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்க்கிறார்களா என்று ஜன்னல் இன்னமும் ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது.